வீட்டுக்குள் நடந்தாலும் அது வேலையிட விபத்தே

படுத்த படுக்கையான பெரியவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. தைலம் தேய்த்து இரண்டு நாள் படுக்கிறார், மூன்றாம் நாள் மறுபடி அதே வீட்டுக்குப் போகிறார். இரண்டு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். அடிபட்ட விஷயம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. இது மாறியாக வேண்டும்.

மலாக்காவில் இந்த வேலை பெருகி வருகிறது. புக்கிட் அசகான், கெமுனிங் போன்ற தோட்டங்களை விட்டு மக்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்ய, முதியவர்கள் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தனித்திருக்கிறார்கள். அவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களில் தோட்டத்தில் வளர்ந்த பெண்களும் உண்டு. அன்று பால் வெட்டும் கத்தி கையைக் கிழித்தால் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெசர் கட்டுப் போட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதுவார், மண்டோருக்கும் கிராணிக்கும் சேதி போகும். தோட்டத்தில் எல்லாம் நியாயமாக நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் விபத்துக்கு ஓர் ஏடு இருந்தது. இன்றைய தாமான் வீட்டில் அதுகூட இல்லை.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. கடமை தவறும் முதலாளிக்கு 5 லட்சம் வெள்ளி வரை அபராதம் உண்டு. ஆனால் வீட்டுப் பணியாளர்களுக்கு அதில் இடமில்லை. ஏஜென்சியே வேலைக்கு வைத்து அனுப்பும் பெண்ணுக்கு ஏஜென்சிதான் முதலாளி, அதனால் சட்டம் அவரைக் காக்கும். குடும்பம் நேரடியாக அமர்த்தும் பெண் அதே கட்டிலருகே அதே சுமையைத் தூக்கினாலும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். இந்தப் பாகுபாட்டுக்கு ஒரு நியாயமும் கிடையாது.

விபத்தை உடனே சொல்வது ஏன் அவசியம் என்பதற்கு இன்சுலின் ஊசியைவிட நல்ல சான்று வேண்டாம். போட்டு முடித்த ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திவிடுகிறது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனையும் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் "கவனமில்லாமல் செய்தாய்" என்று திட்டு விழும், வேலை போய்விடும் என்ற பயத்தில் வாய் மூடிக்கொள்கிறார்கள். ஏஜென்சிகள் முதலில் இந்தப் பயத்தைப் போக்க வேண்டும். விபத்தைச் சொன்னவரின் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. விழப் பார்த்துத் தப்பித்ததையும் எழுதி வாங்க வேண்டும். அப்போதுதான் எந்தக் குளியலறைக்குக் கைப்பிடி தேவை, எந்த நோயாளியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது தெரியும். மறதி நோயுள்ளவர் அடிப்பதும், வீட்டிலுள்ள ஆண் தவறாக நடப்பதும் இந்தப் பதிவில் வர வேண்டும்.

குடும்பங்களுக்கும் பொறுப்பு உண்டு. 2021 ஜூன் 1 முதல் வீட்டுப் பணியாளரைச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவில் பதிவு செய்வது கட்டாயம். வேலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டாலும் அதில் இழப்பீடு கோரலாம். விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியவர் முதலாளி. அம்மாவுக்கு ஆள் வைத்த மகனும் மகளும்தான் அந்த முதலாளி.

வீட்டுப் பணியாளருக்கான விலக்கை நாடாளுமன்றம் நீக்கட்டும். அதுவரை மாநில அரசும் பெர்கெசோவும் ஜாசின், அலோர் காஜா கோயில் மண்டபங்களில் ஞாயிறுதோறும் பதிவு முகாம் நடத்தட்டும், தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வைத்து.