பட்டனை இருந்த இடத்துலயே விடுங்க

டிராக்டர் ஓட்டத் தெரிஞ்சவன் எந்தக் கம்பெனி வண்டியில ஏறினாலும் இடது காலுக்கு கிளட்ச், வலது காலுக்கு பிரேக். குனிஞ்சு பார்க்க வேண்டியதில்லை. கண்ணு பின்னாடி கலப்பை மேலயே இருக்கும். கம்ப்யூட்டர் திரையும் அப்படித்தான் இருக்கணும்னு சொன்னா என் மகன் சிரிக்கிறான். "புதுசா மாத்தினாத்தானேப்பா முன்னேற்றம்"ங்கிறான்.

இதைப் படிக்கிற உங்கள்ல சாஃப்ட்வேர் எழுதுறவங்க சில பேராவது இருப்பீங்க. உங்ககிட்டதான் சொல்றேன்.

1995ல இருந்து இடது கீழ் மூலையிலயே இருந்த ஸ்டார்ட் பட்டனை 2012ல விண்டோஸ் 8 வந்தப்ப எடுத்துட்டாங்க. விரலால தொடுற திரைக்கு ஏத்த மாதிரி கட்டம் கட்டமா வெச்சாங்க. மவுஸ் வெச்சிருந்தவங்க திண்டாடிப் போனாங்க. மறுவருஷமே 8.1ல பட்டன் திரும்பி வந்துச்சு. மெனு ஒழுங்கா வர்றதுக்கு 2015ல விண்டோஸ் 10 வர வேண்டியிருந்தது. அதோட விட்டாங்களா? 2021ல விண்டோஸ் 11ல அதே பட்டனை நடுவுல கொண்டுபோய் வெச்சாங்க. செட்டிங்ஸ்ல போய் இடது பக்கம் தள்ளிக்கலாம், அந்த மட்டுக்கும் புண்ணியம்.

லினக்ஸ்காரங்களும் சளைச்சவங்க இல்லை. ஜன்னலை மூடுற பட்டனை உபுண்டுல 2010ல வலதுல இருந்து இடதுக்கு மாத்தி, 2017ல மறுபடி வலதுக்கே கொண்டு வந்தாங்க. 2011ல க்னோம் 3 வந்து பழைய மெனுவும் கீழ்ப்பட்டையும் போனப்ப, சில பேர் க்னோம் 2 நிரலை எடுத்து 'மாத்தே'ன்னு பேர் வெச்சு தனியா நடத்த ஆரம்பிச்சாங்க. இன்னிக்கும் நடக்குது. அவங்களுக்கு ஒரு கும்பிடு.

நிறத்தை மாத்துங்க, படத்தை மாத்துங்க, யாரும் கேக்கப் போறதில்லை. கை பழகின இடத்தை ஏன் மாத்துறீங்க? விண்டோஸ்ல ஒரே வேலைக்கு கன்ட்ரோல் பேனல்னு ஒண்ணு, செட்டிங்ஸ்னு ஒண்ணு. தமிழ்ல பார்த்தாலும் இதே கதைதான். ஒரு இடத்துல 'அமைப்புகள்', இன்னொரு இடத்துல 'அமைவுகள்'. ரெண்டும் ஒண்ணுதானான்னு வயசானவங்க யார்கிட்ட போய்க் கேப்பாங்க?

எங்க ஊர்ல அம்பது தாண்டினவங்க திரை ஒரு தடவை மாறினா எந்திரிச்சிடுறாங்க. "இது நமக்கு ஆகாதுப்பா"ன்னு, வீட்டுலயே எடுக்கக்கூடிய சிட்டாவுக்கு பஸ் ஏறி பிரவுசிங் சென்டருக்குப் போய் காசு கொடுக்கிறாங்க. இவங்க விவரம் தெரியாதவங்க இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் வந்தா, டார்ச் இல்லாமலே மோட்டார் ரூமுக்குள்ள கைய விட்டு ஸ்டார்ட்டர்ல பச்சை பட்டனை அமுக்குறவங்க. அது எந்தப் பட்டன்னு அவங்க விரலுக்குத் தெரியும்.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணுமில்லை. புதுப் பதிப்பு ஏறினதும் வர்ற முதல் திரையில, 'எல்லாம் பழைய இடத்துலயே இருக்கட்டும்'னு பெருசா ஒரு பட்டன் வெச்சுக் கொடுங்க. தமிழ்லயே.