சிவப்புக்குப் பின் 53 கிலோமீட்டர்

பொங்கலூர் தாண்டி அவிநாசிபாளையத்துக்கு முன்னால், ராத்திரி பத்தேகாலுக்கு வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. ஓட்டியது அண்ணன் பையன், பின்னால் நான். டேங்க்கைக் குலுக்கினான். உள்ளே சத்தமே இல்லை. "ரிசர்வ்ல போடு" என்றேன். "எப்பவும் ரிசர்வ்லயேதான் கிடக்கும் சித்தப்பா" என்றான். பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்ட பிறகு 70 கிலோமீட்டர் ஓடும் என்பது அவனுக்குப் பல வருஷப் பழக்கம். அன்றைக்கு 53-இலேயே நின்றுவிட்டது. லாரிகள் உரசிக்கொண்டு போகிற அந்தச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

"எஞ்சின் வேலை பார்த்ததுல இருந்து முள்ளு பொய் சொல்லுது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். நானும் நம்பினேன்.

வண்டி 150 சிசி, கார்புரேட்டர் காலத்தது. இரண்டு மாதம் முன்பு ஒரு பட்டறையில் கொடுத்து, போர் பண்ணி 50 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ஏர் ஃபில்டர், சைலன்சர், மெயின் ஜெட் என்று வரிசையாக மாற்றியிருந்தான். இழுவை நன்றாக ஏறியிருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மைலேஜ் எவ்வளவு இறங்கும் என்று அந்தப் பட்டறையில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதை இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் காலை, சிங்காநல்லூரில் எனக்கு இருபது வருஷமாகத் தெரிந்த மெக்கானிக் டேங்க்கைக் காலி செய்து மிதவையைக் கழற்றினார். விரல் நீளக் கம்பி, அதன் நுனியில் தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் மிதவை, மறுமுனையில் சன்னமான கம்பிச்சுருள். மிதவை ஏறி இறங்க, ஒரு பித்தளை நாக்கு சுருளின் மேல் நகரும், மின்தடை மாறும், முள் அசையும். விரலால் தூக்கித் தூக்கிக் காட்டினார். முள் ஒழுங்காக ஏறி இறங்கியது. "முள்ளு மேல தப்பில்லீங்க. அது பாட்டுக்கு ஒசரத்தத்தான் சொல்லுது."

பெட்ரோல் எத்தனை உயரம் நிற்கிறது என்பதைத் தவிர அந்த மிதவைக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை லிட்டர் என்றுகூடத் தெரியாது. டேங்க் மேலே அகலம். அடியில் சட்டத்தின் மேல் உட்கார நடுவில் மேடு. அதனால்தான் பாதிவரை நிதானமாக இறங்கும் முள், பாதிக்குக் கீழே மடமடவென்று இறங்குகிறது. இத்தனை உயரம் என்றால் இத்தனை கிலோமீட்டர் என்று மனசில் எழுதி வைத்துக்கொண்டது அவன்தான். எஞ்சினை மாற்றியவன் அந்தக் கணக்கை மாற்றவில்லை.

பிளக்கைக் கழற்றினார். கரி பூசியது போலக் கறுப்பு. காபித் தூள் நிறத்தில் இருக்க வேண்டியது. போர் பண்ணியதால்தான் குடிக்கிறது என்று பையன் நினைத்திருந்தான். 57 மில்லிமீட்டர் போரை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினால் சிசி 2 சதவீதம்கூட ஏறாது. ஜெட் கதை வேறு. துளை 1.10 மில்லிமீட்டரிலிருந்து 1.20 ஆகியிருந்தது, பரப்பளவில் 19 சதவீதம் கூடுதல். ஃபில்டரில் காற்று தாராளமாக வரும்போது ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடேறும். ஆனால் மெயின் ஜெட் முழு வேலை செய்வது ஆக்சிலேட்டரை ஏறக்குறைய முழுதாகத் திருகும்போதுதான். அவிநாசி ரோடு நெரிசலில் யார் முழுதாகத் திருகுகிறார்கள்? அங்கே அளவைத் தீர்மானிப்பது கார்புரேட்டர் ஊசி. அதையும் ஒரு காடி மேலே தூக்கி வைத்திருந்தார்கள். தினமும் குடித்தது அதுதான்.

ஊசியை இறக்குவதற்கு முன் அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி, அளவு ஜாடியால் அரை அரை லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் எங்கே நிற்கிறது என்று பையனையே நோட்டில் எழுதச் சொன்னார். சிவப்புக் கோட்டில் முள் நின்றபோது உள்ளே ஒன்றரை லிட்டர். முன்பு லிட்டருக்கு 48 கொடுத்த வண்டி இப்போது 36. பெருக்கிப் பாருங்கள், நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும்.

இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே திரையில் வரும் சராசரி மைலேஜ், இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தோம் என்று எஞ்சினின் கணினியான இசியூ போடும் கணக்கு. பெரிய இன்ஜெக்டர் மாட்டினாலோ, இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டி வைத்து இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தை நீட்டினாலோ இசியூவுக்கு அது தெரியவே தெரியாது; பழைய கணக்கையே காட்டும். வேக சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் வண்டியில் ஸ்பிராக்கெட் பல்லை மாற்றினால் கிலோமீட்டரும் தப்பு. அந்த எண்ணை நம்பி ராத்திரிப் பயணம் கிளம்பாதீர்கள். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, அதே பங்க்கில் அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்பி வகுத்துப் பாருங்கள். மூன்று தடவையாவது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது, அதற்கு லிட்டருக்குச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், எஞ்சின் வேலைக்கு முந்தைய கணக்கும் சமீபத்தியதாக இருக்கட்டும்.

ஊசி இறங்கியபின் வண்டி 41 கொடுக்கிறது. நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறான். போன ஞாயிறு தாராபுரம் ரோட்டிலிருந்து போன் செய்தான். "சிவப்பு தொட்டு 20 ஆச்சு சித்தப்பா. இன்னும் 40 போகும். பங்க் எட்டாவது கிலோமீட்டர்ல இருக்கு, அங்கயே போட்டுக்கறேன்."