எங்கள் வீட்டுக்கு எங்களையே வரவேற்கிறார்கள்



திருவண்ணாமலை என்றதும் உங்களில் பலருக்குக் கிரிவலம்தான் நினைவுக்கு வரும். நாங்கள் சொல்வது அந்த ஊர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு. சின்னக் குன்று, மேலே பெருமாள் கோயில். புரட்டாசி சனிக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்தும் சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்தும் கூட்டம் அலைமோதும். எங்கள் தெருக்களில் ஒரே வீட்டில் அண்ணன் மலைக்குப் போவார், தங்கை சபைக்குப் போவாள். சாமியை வைத்து வீட்டுக்குள் சண்டை வந்து நாங்கள் பார்த்ததில்லை. சண்டை வருவது சோற்றில்.

இந்தப் பகுதியில் ஒரு சபை. பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் அது ஒன்றுதான் கெட்ட சபை என்று மற்றவை தப்பித்துக்கொள்ளும். சென்ற ஆண்டு அங்கே பிரதிஷ்டைப் பண்டிகை. வாசலில் பெரிய பேனர்: ‘அனைவரும் வருக’. ஆராதனை முடிந்ததும் அசனம். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அசனம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: வீட்டுக்கு வீடு அரிசியும் காசும் வாங்கி, ஒன்றாகச் சமைத்து, சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து.

எங்கள் தெருவிலும் அதே படிக் கணக்கில் அரிசி வாங்கினார்கள். அதே வரி வாங்கினார்கள். ஆனால் அந்த அரிசி ஆலயத்துக்குப் பின்னால் தனி அடுப்பில், தனி அண்டாவில் வெந்தது. ஏன் என்று கேட்டோம். “கூட்டம் ஜாஸ்திப்பா, ஒரே அண்டா பத்தாது” என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். இரண்டு அண்டா வைத்ததில் தப்பில்லை. எந்த அண்டாவில் எந்தத் தெரு அரிசி என்று பிரித்தது யார்? அதற்குப் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற பாட்டிதான் சொன்னார்: “நம்ம அரிசி அந்த அண்டாவுல வேகாதாம்யா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அறுபது வருடமாக அந்தச் சபையில் ஞாயிறு தவறாதவர் அவர்.

‘எல்லாரையும் உள்ளடக்கிய திருச்சபை’ என்று இப்போது கருத்தரங்கம் நடத்துகிறார்கள், தீர்மானம் போடுகிறார்கள். எங்கள் கேள்வி ஒன்றுதான். யார் யாரை உள்ளடக்குவது? இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஒரு ஆவணம் வெளியிட்டது. சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதில் ஒப்புக்கொண்டார்கள். அப்போது செய்தித்தாள்களில் வந்த கணக்கின்படி நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள். சபையில் பெரும்பான்மை நாம். கூரைக்குக் காசு கொடுத்தது நாம். அப்புறம் வாசலில் நின்று நம்மை ‘வருக’ என்று கைகூப்புகிற இவர் யார்? விருந்தாளியைத்தான் வரவேற்பார்கள். வீட்டுக்காரரை யாரும் வரவேற்பதில்லை.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே முற்றாக விட்டொழிக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். ஒன்றாக உட்காருவதையும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்குவதையும் ஏற்காமல் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடக்கூட அவர்களுக்கு மனம் வந்திருக்கலாம். சாதியை விட வரவில்லை. இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அந்தச் சண்டையில் சாதி வேறுபாட்டின் பக்கம் நின்று எழுதியவர். அவர் பாட்டைப் பாடுங்கள், வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வரலாற்றையும் தெரிந்துகொண்டு பாடுங்கள்.

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் ஆலயத்தைக் கால்சட்டை மாதிரி இரண்டு பிரிவாகக் கட்டினார்கள். பலிபீடம் ஒன்று, நடுவில் சுவர். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம். 1910இல் பாதிரியார் அந்தச் சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஒரு சுவர் இடிந்தது, அவ்வளவுதான். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரிக்கும் சுவர் நின்றது. எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச் 9 அன்று அது மோதலாக வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தனிப் பங்கு கேட்டதை ‘பிரிவினை’ என்றார்கள். பிரித்து வைத்தவர்களை யாரும் பிரிவினைவாதி என்று சொல்லவில்லை.

இன்னொரு இரட்டை வேடத்தையும் பார்த்துவிடுவோம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்த சூசை, மற்ற தொழிலாளிகளுக்குக் கிடைத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் மறுக்கப்பட்டது ஏன் என்று உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு இழிவு தொடர்வதற்கு ஆதாரம் எங்கே என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கச் சொன்னது. அறிக்கை தூங்கியது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதனால்தான் எங்கள் பிள்ளைகளுக்குச் சர்டிபிகேட்டில் ஒரு மதம், சபைப் பதிவேட்டில் ஒரு மதம். கல்லறைக்குள் விடாமல் தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது, ‘நீதான் கிறிஸ்தவனாயிற்றே’ என்பார்கள்.

அரசு சொல்கிறது: கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, அதனால் உரிமை இல்லை. சபைத் தலைவர்கள் டெல்லிக்குப் போய் ‘எங்களுக்குள் சாதி இருக்கிறது, உரிமை கொடு’ என்று ஊர்வலம் போகிறார்கள். நல்லது, நாங்களும் அந்த ஊர்வலத்தில் நடந்திருக்கிறோம். திரும்பி வந்து சேகரக் கமிட்டியில் நாம் வாய் திறந்தால் அதே தலைவர்கள் என்ன சொல்கிறார்கள்? “கிறிஸ்துவுக்குள் சாதி ஏது தம்பி? சாதி பேசி சபையைக் கெடுக்காதே.” டெல்லியில் இருக்கிற சாதி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் எங்கே போய்விடுகிறது? சூசையிடம் நீதிமன்றம் கேட்ட ஆதாரம் அந்தத் தனி அண்டாதான். அதை மூடி மறைக்கிற ஒவ்வொரு குருவானவரும் நம் வழக்குக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார்.

“அப்புறம் எதற்கு அங்கே இருக்கிறீர்கள்? வெளியே வந்துவிடுங்களேன்” என்று கல்லூரித் தோழர்கள் கேட்கிறார்கள். போக நினைப்பவர்கள் போகட்டும், அது அவர்கள் உரிமை. பாபாசாகேப் காட்டிய வழி திறந்தே இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டியிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். தினம் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைத்து, அதைக் காணிக்கையாகக் கொடுத்து அந்த ஆலயத்தை எழுப்பிய தலைமுறை அவருடையது. ஊருக்குள் செருப்புப் போட முடியாத காலத்தில், ‘நீயும் கடவுளின் பிள்ளை’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர். அந்த விசுவாசம் வெள்ளைக்காரன் போட்ட பிச்சை இல்லை, அவர் சம்பாதித்த சொத்து. சொத்தை ஆக்கிரமித்தவரை விட்டுவிட்டுச் சொந்தக்காரரை ஏன் வெளியேறச் சொல்கிறீர்கள்?

வழி காட்டியவர்களும் நம்மிடம் உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். 2005இல் மறைந்தார். ‘ஒரு ஒலை’ என்பது அவர் வலியுறுத்திய கருத்து. ஒலை என்றால் நம் பேச்சு வழக்கில் சோற்று உலை. ஒரே உலையில் பொங்கி ஒன்றாகத் தின்பதில்தான் சாதி உடையும், அதுதான் திருவிருந்து என்பது அதன் சாரம். பறையைப் பல சபைகள் ஏற்றுக்கொண்டன, மேடையில் அடிக்க வைத்துப் போட்டோவும் எடுக்கின்றன. உலையை மட்டும் வசதியாக மறந்துவிட்டன.

நாமும் யோக்கியர்கள் இல்லை. அதையும் பேசாவிட்டால் இந்தக் கட்டுரை பொய். பள்ளர் தெருவுக்கு ஒரு சபை, பறையர் தெருவுக்கு ஒரு சபை, அருந்ததியர் தெருவில் யாரும் எட்டிப் பார்க்காத ஓலைக்கொட்டகை ஜெபவீடு. இந்தப் பக்கத்தில் நாங்கள் கண்ணால் பார்ப்பது இதுதான். மேலே இருப்பவன் நமக்குத் தனி அண்டா வைத்தால் கொதிக்கிறோம். அருந்ததியர் வீட்டுக் கல்யாணத்தில் நம்மில் எத்தனை பேர் கை நனைத்திருக்கிறோம்? ‘ஒரு உலை’ என்று கேட்கிற வாய் அங்கேயும் சாப்பிட வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் சபையில் நான்கு விஷயங்களை விசாரித்து எழுதி வையுங்கள். சேகரக் கமிட்டியிலும் சபைப் பள்ளிக்கூட வேலைகளிலும் யார் யார் இருக்கிறார்கள்? கல்லறைத் தோட்டத்தில் யார் எந்த மூலையில் கிடக்கிறார்கள்? கடந்த பத்து வருடத்தில் வாசித்த கல்யாண ஓலைகளில் எத்தனை சாதி தாண்டியவை? அசனத்தில் எத்தனை அடுப்பு, எந்தத் தெரு அரிசி எதில் வெந்தது? பேனரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். இந்த நான்குக்கும் கிடைக்கும் பதிலில்தான் அது யாருடைய சபை என்பது இருக்கிறது.

அடுத்த பண்டிகைக்கு எங்கள் தெரு இளைஞர்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். அரிசியை வீட்டு வாசலில் வைத்து வசூலிக்கக் கொடுக்கப்போவதில்லை. தாங்களே தலையில் சுமந்து போய் முதல் அண்டாவில் கொட்டப்போகிறார்கள். முன்னால் நடக்கப்போவது பாட்டி. தடுக்கிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்து, எதற்காகத் தடுக்கிறோம் என்று வாய் திறந்து சொல்லட்டும். நாங்களும் கூட நடப்போம். பக்கத்தில் இருக்கிற தோழர்கள் வாருங்கள். வெறுங்கையோடு வராதீர்கள், ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி கொண்டு வாருங்கள்.

ஜெய் பீம்.