திரையில் ஒரு முகம்: செய்தி யார் கையில்?

ஆபிரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் இலண்டன் தொலைக்காட்சித் திரையில் தோன்றிவிட்டால், ஆபிரிக்காவின் குரல் உலக அரங்கில் ஒலிக்கத் தொடங்கிவிட்டது எனப் பெருமிதம் கொள்வோர் பலர். இப்பெருமிதம் நியாயமானதா?

கானா நாட்டவரான கொம்லா டுமோரை எடுத்துக்கொள்வோம். அக்ராவின் ஜோய் எப்.எம். வானொலியில் அதிகாரத்தில் இருந்தோரைக் கேள்விகளால் துளைத்தவர். 2003 ஆம் ஆண்டுக்கான கானாவின் சிறந்த பத்திரிகையாளர் விருதைப் பெற்றவர். பின்னர் பி.பி.சி.யிற் சேர்ந்து, ஆபிரிக்காவுக்கென 2012 இல் தொடங்கப்பட்ட தொலைக்காட்சிச் செய்தி நிகழ்ச்சியின் முகமானார். பஞ்சமும் போருமே ஆபிரிக்கா என்ற சித்திரத்தை மறுத்து, அதன் வணிக முயற்சிகளையும் மக்களின் ஆற்றலையும் திரைக்குக் கொணர்ந்தார். 2014 ஜனவரியில், 41 வயதில், இலண்டனில் காலமானார். அவரது சாதனையை மறுத்தற்கில்லை; வெளிநாடு சென்றமைக்காக அவரைத் துரோகி என்பது அறிவீனம்.

ஆயின், நமது வினா தனிமனிதர் பற்றியதன்று. செய்தியை வாசிப்பவர் ஒருவர். எது செய்தி எனத் தீர்மானிப்பவர் வேறொருவர். முன்னவரின் நிறம் மாறியதனால் பின்னவரின் அதிகாரம் கைமாறிவிடவில்லை. டுமோரைக் கானா முன்னரே அறிந்திருந்தது; உலகம் அறிந்ததோ இலண்டன் அறிந்த பின்னரே. அவர் பெயரால் 2015 இல் பி.பி.சி. தொடங்கிய விருதும் ஆபிரிக்காவின் திறமைசாலியைச் சில மாதப் பணிக்கு இலண்டனுக்கே அழைத்தது. பாதை அதுவே; திசையும் அதுவே!

இவ்வேற்றத்தாழ்வை யுனெஸ்கோவின் மக்பிரைட் ஆணைக்குழு 1980 இலேயே சுட்டிக்காட்டியது. அதனையொட்டி எழுந்த சர்ச்சையும் ஒரு காரணமாக, அமெரிக்காவும் பிரித்தானியாவும் 1984, 1985 ஆம் ஆண்டுகளின் இறுதியில் அந்நிறுவனத்தை விட்டு வெளியேறின. செய்திச் சுதந்திரம் பற்றி ஓயாது போதித்தவர்களின் சகிப்புத்தன்மை அவ்வளவே.

எனினும், பழி முழுவதையும் மேற்குலகின் தலையிற் சுமத்துவது நேர்மையன்று. ஆபிரிக்க ஒற்றுமை நிறுவனம் 1979 இல் உருவாக்கி, 1983 இல் டாக்காரிலிருந்து இயங்கத் தொடங்கிய ‘பானா’ என்னும் அனைத்து ஆபிரிக்கச் செய்தி நிறுவனம் என்னாயிற்று? அரசுகள் பல தம் பங்குப் பணத்தைச் செலுத்தவில்லை. செய்திக்குப் பதிலாகத் தத்தம் தலைவர்களின் புகழுரைகளையே அனுப்பின. கேள்வி கேட்பவனுக்கு அங்கு இடமேது? சொந்த வீட்டில் வாய்க்குப் பூட்டிட்டவர்கள், அயலான் திண்ணையில் தம் பிள்ளை பேசுகிறான் என மகிழ்வது விந்தையன்றோ!

பத்திரிகையாளன் கடல் கடப்பது அவன் விருப்பமாக இருக்கலாம், விதியாக இருத்தலாகாது. அக்ராவிலும் நைரோபியிலும் டாக்காரிலும் அரசுக்கும் அஞ்சாத, அந்நியப் பணத்துக்கும் பணியாத செய்திக்கூடங்கள் எழும்வரை, திரையில் மாறுவது முகம் மட்டுமே.