தாய் வீடு வரும் சுறா

புது டில்லி கிட்வாய் நகரை ஒட்டிய ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தமிழிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் பேரம் பேசி மீன் வாங்கலாம். கடலுக்கும் அந்த ஊருக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. ஆனாலும் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பாக வளர்ந்த பேட்டை என்பதால் வஞ்சிரமும் நெத்திலியும் ஐஸ்பெட்டியில் தவறாமல் வந்து இறங்குகின்றன. மகளின் பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்த தாய்மார், பால்சுறா கிடைக்குமா என்று விசாரிப்பதும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு கொடுப்பது தமிழ்க் கடற்கரை வைத்தியம். 1975-இல் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டி உலகத்தையே குளிக்கப் பயப்பட வைத்தார். தமிழ் வீடுகளில் அப்போதும் சுறா என்றால் வெங்காயமும் பூண்டும் சேர்ந்து வாணலியில் உதிர்ந்து கிடப்பதுதான்.

இதே வட்டாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், லோதி சாலை அரசு அலுவலக வளாகத்தில் அப்போது இருந்த சுற்றுச்சூழல் அமைச்சகம், 2001 மே 28 அன்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் இடம் தந்திருக்கும் முதல் அட்டவணையில் முதன்முறையாக ஒரு மீனின் பெயர் ஏறியது. அது திமிங்கலச் சுறா. அதைக் கொன்றால் இன்றைய சட்டப்படி மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

பெயரில் திமிங்கலமும் சுறாவும் சேர்ந்திருப்பதால் இரட்டிப்பு பயங்கரம் என்று நினைக்க வேண்டாம். இது சுறா இனம்தான். உலகத்தின் மிகப் பெரிய மீனும் இதுதான். சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர், அபூர்வமாக 18 மீட்டர் வரை வளரும். வாய் ஒன்றரை மீட்டர் அகலம். அதற்குள் மூவாயிரம் பற்கள், ஒவ்வொன்றும் தீக்குச்சி மருந்து அளவு, கடிக்க உதவாது. வாயைத் திறந்தபடி நீந்தி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களையும் மீன் முட்டைகளையும் சின்ன இறால்களையும் தண்ணீரோடு வாங்கிச் செவுளில் வடிகட்டி விழுங்கும். 1828-இல் தென்னாப்பிரிக்காவின் டேபிள் வளைகுடாவில் பிடிபட்ட ஒன்றை ஆண்ட்ரூ ஸ்மித் என்ற மருத்துவர் விவரித்து எழுதிய பிறகுதான் விஞ்ஞானத்துக்கு இப்படி ஒரு மீன் இருப்பதே தெரிந்தது.

இன்றைக்கு இதோடு நீந்துவதற்கென்றே ஆட்கள் விமானம் ஏறிப் போகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளத்திட்டு இதில் பேர் பெற்றது. மார்ச்சிலிருந்து ஜூலை வரை சீசன். நபருக்கு நானூறு ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்ட வேண்டும். காலையில் பஸ் வந்து விடுதி வாசலிலேயே ஏற்றிக்கொள்ளும். கண்ணாடி முகமூடி, மூச்சுக்குழாய், காலில் மாட்டும் துடுப்பு எல்லாம் அவர்களே தருவார்கள். முதலில் ஆழமில்லாத இடத்தில் ஒத்திகை. அதற்குள் ஒரு குட்டி விமானம் வட்டமடித்து மீன் இருக்கும் இடத்தைப் படகுக்குச் சொல்லிவிடும். பிறகு வழிகாட்டி முன்னால் குதிக்க, பத்துப் பேர் பின்னால் குதித்து வரிசையாக மிதந்து காத்திருக்க வேண்டும். தண்ணீரின் நீலத்துக்குள்ளிருந்து முதலில் தெரிவது வெள்ளைப் புள்ளிகள், அப்புறம்தான் உடம்பு.

கட்டுப்பாடுகள் கறாரானவை. ஒரே நேரத்தில் தண்ணீரில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. மீனிடமிருந்து மூன்று மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். தொடக்கூடாது, வழி மறிக்கக்கூடாது, ஃபிளாஷ் அடிக்கக்கூடாது. மீனைச் சுற்றி 250 மீட்டர் வட்டத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு படகுதான். மீன் ஆழத்துக்குப் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. அதைத் திரும்ப மேலே கொண்டுவர யாருக்கும் அதிகாரமில்லை. இவ்வளவு பணம் கட்டி வந்து சேர்ந்தால் அங்கே பெரும்பாலும் தரிசனம் தருபவை வயசுக்கு வராத ஆண் சுறாக்கள் என்பது வேறு விஷயம். தாய்மார்கள் எங்கே போகிறார்கள் என்பதற்கு உறுதியான விடை இன்னும் இல்லை.

பயணிகள் எடுக்கும் புகைப்படங்களுக்கு ஒரு மறுபிறவியும் உண்டு. மனிதனுக்குக் கைரேகை போல இந்த மீனுக்குப் புள்ளிகள். ஒன்றின் புள்ளி வரிசை இன்னொன்றுக்கு இருக்காது. வானத்து நட்சத்திரப் படங்களை ஒப்பிட வானியலாளர்கள் உருவாக்கிய கணக்கு முறையையே கொஞ்சம் மாற்றி, 2005-இல் மீன்களின் புள்ளிகளை ஒப்பிடப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். சுற்றுலாக்காரர் உல்லாசத்துக்கு எடுத்த படத்தை வைத்தே, போன வருஷம் வந்த மீன் இந்த வருஷமும் வந்திருக்கிறது என்று சொல்ல முடிகிறது.

எல்லா ஊரும் நிங்கலூ அல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டின் டோன்சோலில், புட்டாண்டிங் என்று தாங்கள் அழைக்கும் இந்த மீனை வைத்து 1998-இல் மீனவர்கள் வழிகாட்டிகளாக மாறினார்கள். அதே ஆண்டு அந்த நாடு திமிங்கலச் சுறா வேட்டையைத் தடை செய்தது. அதுவரை சரி. அதே நாட்டின் ஓஸ்லோப் என்ற ஊரிலோ, 2011 முதல் சின்ன இறாலைக் கையால் ஊட்டி மீன்களைக் கரையோரம் நிறுத்தி வைக்கிறார்கள். மீனைத் தேடிப் போக வேண்டாம், சீசனுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆண்டுக்கு லட்சக்கணக்கானவர்கள் வந்து அரைமணி நேரம் மிதந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஏழை மீனவர் குடும்பங்களுக்கு நல்ல வருமானம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் படகைக் கண்டால் சோறு என்று பழகிய மீன் எந்தப் படகுக்கும் விலகாது. ஓஸ்லோப் மீன்களில் பெரும்பாலானவற்றின் உடம்பில் தழும்பு இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கோயில் யானைக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல.

இந்தியாவில் இந்த மீன் அதிகம் தென்படுவது குஜராத்தின் சௌராஷ்டிரக் கடற்கரையில்: வேராவல், மாங்ரோல், சூத்ராபாடா, தாம்லேஜ். அங்கே அதற்கு வழங்கிய பெயர் 'பேரல்'. அழகைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. பெரிய தூண்டிலில் மாட்டிய மீன் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடாமலிருக்கக் கயிற்றில் காலிப் பீப்பாய்களைக் கட்டி மிதக்க விடுவார்கள். மீன் களைத்துப் போகும் வரை பீப்பாய் மேலே மிதக்கும். கருவியின் பெயரே மீனுக்கும் வந்துவிட்டது.

முன்பெல்லாம் ஈரலுக்காக மட்டும்தான் வேட்டை. ஈரல் எண்ணெயைப் பூசினால் மரப்படகில் தண்ணீர் ஏறாது. 1990-களில் கதை மாறியது. தைவானில் இதன் வெண்மையான, மெத்தென்ற மாமிசத்துக்கு ஏக கிராக்கி. அங்கே இதற்கு 'டோஃபு சுறா' என்றே பெயர். ஏற்றுமதி வியாபாரிகள் வந்தார்கள், விலை ஏறியது, வேராவல் கரையில் நூற்றுக்கணக்கான மீன்கள் அறுபட்டன. படப்பிடிப்பாளர் மைக் பாண்டே அந்தக் காட்சிகளை 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். 2000-இல் அதற்கு 'பசுமை ஆஸ்கர்' என்று அழைக்கப்படும் பாண்டா விருது கிடைத்தது. லோதி சாலையில் கோப்பு நகர்ந்ததற்கு அந்தப் படம் ஒரு முக்கியக் காரணம். 2002 நவம்பரில் சிலி நாட்டின் சாந்தியாகோவில் கூடிய மாநாட்டில் இந்தியாவும் பிலிப்பைன்ஸும் முன்மொழிந்து இந்த மீனின் சர்வதேச வணிகத்துக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தன.

டில்லியில் போட்ட கையெழுத்து கடலில் எப்படி இறங்கும் என்பதுதான் கேள்வி. அதற்கு அதே 2001 ஒரு பாடம் வைத்திருந்தது. மே மாத அறிவிக்கையின் சூட்டோடு ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அத்தனையையும் அட்டவணையில் சேர்த்து இன்னொரு அறிவிக்கை வந்தது. சுறாப் பிடிப்பையே தொழிலாகக் கொண்டு அரபிக்கடல் முழுக்கச் சுற்றி வரும் குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்களைப் போன்றவர்களுக்கு அது ஒரே நாளில் பிழைப்பையே குற்றமாக்கியது. எதிர்ப்புக் கிளம்பியது. டிசம்பரில் பட்டியலைச் சில இனங்களோடு சுருக்கிக்கொண்டார்கள். ஊர்ப் பெயர்கூடத் தெரியாமல் எழுதும் கோப்புக் குறிப்புக்கு ஆயுள் அவ்வளவுதான்.

குஜராத்தில் அப்படி நேராமல் தடுத்தது சட்டப் புத்தகம் மட்டுமல்ல, ஒரு சொல். 2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் முதலியோர் சேர்ந்து மீனவர்களிடையே பிரசாரம் தொடங்கினார்கள். ராமகதை சொல்லும் மொராரி பாபுவை அழைத்தார்கள். அவர் உயிரியல் பாடம் நடத்தவில்லை. இது நம் கடலுக்குப் பிள்ளை பெற வருகிறது, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வரும் மகளை யாராவது கொல்வார்களா என்கிற பொருளில் பேசினார். மீனுக்கு 'வஹாலி' என்று பெயர் வந்தது. குஜராத்தியில் அன்புக்குரியவள், செல்லம் என்று அர்த்தம். மீனின் அளவுக்கே காற்றடைத்த பெரிய பொம்மை ஊர் ஊராகப் போனது. தெரு நாடகங்கள் நடந்தன. போர்பந்தர் போன்ற நகரங்கள் வஹாலியைத் தங்கள் சின்னமாக ஏற்றுக்கொண்டன. பேரல் என்று கூப்பிட்டு அறுத்தவர்களின் வாயில் வஹாலி என்ற சொல் பழக அதிக காலம் ஆகவில்லை.

அது உண்மையிலேயே குஜராத்தில்தான் குட்டி போடுகிறதா? விஞ்ஞானிகள் இன்னும் தலையாட்டவில்லை. கருவுற்ற திமிங்கலச் சுறாவைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, 1995-இல் தைவானில் குத்திக் கொல்லப்பட்ட ஒரே ஒரு தாயின் வயிற்றிலிருந்து கிடைத்தது. அதற்குள் ஏறத்தாழ 300 குஞ்சுகள் இருந்தன. முட்டை தாயின் உள்ளேயே பொரிந்து குட்டியாக வெளிவருகிறது என்பது அப்போதுதான் நிச்சயமாயிற்று.

மகள் என்ற உருவகம் குஜராத்துக்கு மட்டும் சொந்தம் என்றும் சொல்லிவிட முடியாது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள். எந்தச் சுறாவின் கொம்பு என்பதைப் புலவர் குறிப்பாகச் சொல்கிறார்: சினைச்சுறா. கொம்புள்ளது என்பதால் அது வேளா மீனாக இருக்கலாம், திமிங்கலச் சுறாவாக இருக்க முடியாது. ஆனாலும் பிடித்துத் தின்னும் மீனையே வயிற்றுப்பிள்ளைக்காரியாக நினைத்துக் கையெடுக்கும் மனசு இந்தக் கடற்கரைகளுக்குப் பழையது.

கையெடுப்பது ஒன்று, வலையை அறுப்பது இன்னொன்று. வஹாலி வலையில் சிக்கினால் அதை விடுவிக்க ஒரே வழி வலையைக் கத்தியால் கிழிப்பது. ஒரு வலை கிழிந்தால் மீனவனுக்கு அன்றைய பாடு போச்சு. முடிந்து சரி செய்யும் வரை அடுத்த நாட்களும் போச்சு. வனத்துறை 25,000 ரூபாய் வரை நிவாரணம் தரும் திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் ஆரம்பத்தில் அதிகாரிகள் படகேறி வந்து கண்ணால் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் வந்து சேரும் வரை மீன் மணிக்கணக்கில் வலைக்குள் தவித்தது. 2012 வாக்கில் மீனவர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள். அறுக்கும்போதே படமெடு, படத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள் என்றார்கள். தவிப்பு நேரம் வெகுவாகக் குறைந்தது. இதுவரை 900-க்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் இப்படிக் குஜராத் கடலில் உயிரோடு விடப்பட்டிருக்கின்றன.

நிங்கலூவில் மீனைப் பார்க்க வருகிறவர் பணம் கட்டுகிறார். சௌராஷ்டிரத்தில் மீனைப் பார்த்துவிட்டவர் முதலில் தன் வலையைக் கொடுக்கிறார், பிறகு நிவாரணத்துக்கு மனுப் போடுகிறார். இரண்டு கடற்கரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அதனால்தான் நம் கடலிலும் திமிங்கலச் சுறா சுற்றுலா வரவேண்டும் என்ற பேச்சு எழும்போது உடனே வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதில்லை. சௌராஷ்டிரத்தின் கலங்கல் தண்ணீரில் முகமூடி மாட்டிக் குதித்தால் தன் கையே சரியாகத் தெரியாமல் போகலாம் என்பது உண்மை. தெளிந்த நீர் லட்சத்தீவுப் பக்கம் இருக்கிறது. எந்தக் கடலானாலும், இரை போட்டு நிறுத்தும் ஓஸ்லோப் வழி கூடாது. பத்துப் பேர், மூன்று மீட்டர், ஒரு படகு என்ற கணக்கு வேண்டும். அதோடு படகை ஓட்டுபவர் யார் என்பதும் ஒப்பந்தத்தில் முதல் வரியாக இருக்க வேண்டும். ஆமதாபாத்திலும் மும்பையிலும் அலுவலகம் வைத்திருக்கும் பயண நிறுவனங்கள் டெண்டரோடு வருவதற்கு முன்னால், இந்த மீனை எந்த மாதம் எந்த ஆழத்தில் பார்க்கலாம் என்று வலையைக் கொடுத்துத் தெரிந்துகொண்ட சூத்ராபாடாக்காரர் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம்.