ஒரு குறிஞ்சிக்கும் அடுத்த குறிஞ்சிக்கும் நடுவே

இந்த வாரம் கைப்பேசிக்கு ஒரு விளம்பரம் வந்தது. மூணாறுப் பக்கம் ஒரு மலைவிடுதியில் இரண்டு நாள் முகாமாம். 'வேகத்தைக் குறையுங்கள், வாழ்க்கையைத் திட்டமிடுங்கள்' என்று தலைப்பு. ஐந்தாண்டுத் திட்டம், பத்தாண்டுத் திட்டம், இலக்குகளை எழுத ஒரு நோட்டு, மூலிகைத் தேநீர் எல்லாம் கட்டணத்தில் அடக்கம். அதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை. வசதி உள்ளவர்கள் போகட்டும். எனக்குக் கோபம் வந்தது அதிலிருந்த படத்தைப் பார்த்து. பனி இறங்கிய சரிவில் நாலைந்து பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். நிம்மதிக்கு அடையாளமாக அவர்களைப் போட்டிருக்கிறார்கள்.

2015-ல் மூணாறு எஸ்டேட்டுகளில் ஒரு நாள் கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும். அட்டைக்கடியோடும் மழையோடும் சரிவில் நின்று அந்த எடையைச் சேர்க்கிறவரின் கை எவ்வளவு வேகமாக ஓடும் என்று படம் பிடித்தவர் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்கலாம்.

நின்று யோசிப்பதை நான் குறை சொல்லவில்லை. அதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையை எனக்குக் கொடுத்தது ஒரு நாவல். 1956-ல் மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயனின் சகோதரி பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தஸ்ராக்கில் ஓராசிரியர் பள்ளிக்கு வேலைக்குப் போனார். அங்கே போய்த் தங்கிய விஜயனின் மனதில் அந்த ஊர் விழுந்தது. 'கசாக்கின் இதிகாசம்' மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்தது 1968-ல், புத்தகமானது 1969-ல். நடுவில் பன்னிரண்டு வருடம். அவர் முதலில் நினைத்தது ஒரு புரட்சிக்காரனின் கதை. 1958-ல் ஹங்கேரியில் இம்ரே நாகியைத் தூக்கிலிட்ட செய்தி அவருடைய அரசியல் நம்பிக்கையை உலுக்கிவிட்டது. டெல்லிக்குப் போனார், சங்கர்ஸ் வீக்லியில் கார்ட்டூன் போட்டார், கையெழுத்துப் பிரதியைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். கடைசியில் கிடைத்தவன், பிரின்ஸ்டனுக்குப் போகும் வாய்ப்பை விட்டுவிட்டுக் கூமன்காவில் பஸ்ஸிலிருந்து இறங்கும் ரவி. முதலில் போட்ட திட்டப்படியே எழுதியிருந்தால் அந்த நாவல் நமக்குக் கிடைத்திருக்காது. யூமா வாசுகியின் தமிழில் அதை வாசிக்காதவர்கள் இந்த வருடமாவது வாசித்துவிடுங்கள். ஒரு யோசனை பழுக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு எங்கள் பாலக்காடு மாவட்டத்தில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

பன்னிரண்டு வருடம் என்றதும் மனம் மூணாறுக்குப் பக்கத்திலுள்ள இரவிகுளத்துக்குப் போய்விடுகிறது. நீலக்குறிஞ்சி அங்கே 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்து 2030. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து சாலைகள் துண்டிக்கப்பட்டதால் பூவைப் பார்க்க வந்த கூட்டம் குறைவு. மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் என் சித்திக்கு அந்த வருடம் 46 வயது. எஸ்டேட்டில் ஓய்வு வயது 58. அதாவது அடுத்த குறிஞ்சி பூக்கும் வருடம் சித்தி லயத்தைக் காலி செய்ய வேண்டும்.

லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடு கம்பெனியுடையது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலை செய்கிறவருக்குக் கம்பெனி வீடு தர வேண்டும் என்றது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அதே லயத்தில் பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவர் என்றாலும் அதே கதிதான். காலி செய்த பிறகுதான் கணக்கு முடிப்பது பல எஸ்டேட்டுகளில் வழக்கம். கிராஜுவிட்டி ஒரு வருட சர்வீஸுக்கு 15 நாள் கூலி. முப்பது வருடம் கூடை தூக்கியவருக்கு 450 நாள் கூலி. 2015-ல் பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு உயர்ந்த 301 ரூபாய்க் கூலியில் அதைப் பெருக்கினால் 1,35,450 ரூபாய். இன்றைய கூலியில் கூடும். அந்தப் பணத்துக்கு மூணாறில் மனை கிடைக்காது, ஊர்ப்பக்கம் கயத்தாறிலோ சங்கரன்கோவிலிலோ கூட வீடு கட்ட முடியாது. பி.எஃப். பென்ஷனுக்கு 2014 முதல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள்.

லயத்தை விடாமலிருக்க ஒரு வழி உண்டு. வீட்டில் ஒருவர் கம்பெனி வேலையில் இருக்க வேண்டும். சித்தியின் மகள் பி.காம். முடித்துக் கோவையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். அவள் திரும்பி வந்து கூடையைத் தூக்கினால் அம்மாவுக்குக் கூரை இருக்கும். அவள் கோவையிலேயே இருந்துவிட்டால் அம்மா எங்கே போவது என்று இப்போதே முடிவு செய்தாக வேண்டும். சித்தி வீட்டில் வாழ்க்கைத் திட்டம் என்பது இந்த ஒரே கேள்விதான். சீட்டுப் போடுவதும் பேத்தி காதணிக்குச் சேர்ப்பதும் ஊரில் அண்ணன் பங்கில் ஒரு சென்ட் கேட்டு நிற்பதும் எல்லாம் அதைச் சுற்றித்தான். பன்னிரண்டு வருடத் திட்டத்தை யாரும் நோட்டுக் கொடுக்காமலேயே சித்தி போட்டு வைத்திருக்கிறார்.

கொழுந்து எடுக்கும் அந்தப் பெண்கள் ஒருமுறை நிஜமாகவே வேலையை நிறுத்தி நின்றார்கள். 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, கூடையை இறக்கி வைத்துவிட்டு மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், ஒன்பது நாள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. பொம்பிளை ஒருமை என்று கேரளம் முழுக்கப் பேர் பரவியது. சித்தியும் அங்கே இருந்தார். கூலியையும் போனஸையும் பற்றித்தான் நான் கேட்டேன். சித்தி சொன்னது வேறு.

"அந்த ஒம்போது நாளுதான்யா நாங்க ஒருத்திக்கொருத்தி உக்காந்து பேசினோம். வேலை முடிஞ்சா எங்க போவே, புள்ளையை என்ன செய்யப்போறேன்னு அதுக்கு முன்னால யாரும் யார்கிட்டயும் கேட்டதில்ல. எல்லாரு மனசுலயும் ஒரே பயம்தான் இருந்திருக்கு."

வேகத்தைக் குறைத்து யோசிப்பது என்று நான் நம்புவது இதைத்தான். தனியாகக் கண்ணை மூடி உட்காருவதைவிட, ஒரே நிலைமையில் இருக்கிறவர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாய்விட்டுப் பேசுவது பெரிய காரியம். அந்தப் பேச்சு ஒன்பதாம் நாளோடு நின்றுபோனது எனக்கு இன்னும் ஆறவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். அதற்குப் பிறகாவது, சொந்த மண்ணில் பாதுகாப்பான ஒரு வீடு என்பது இந்த மலையின் முதல் கோரிக்கையாகியிருக்க வேண்டும்.

2030-க்குள் யார் யாருக்கு 58 ஆகிறது என்ற கணக்கு ஒவ்வொரு எஸ்டேட் ஆபீசிலும் இருக்கிறது. அரசு அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி, ஓய்வு பெறும் நாளுக்கு முன்பே மனையும் பட்டாவும் கொடுக்க வேண்டும். மலையில் சொந்தம் உள்ள வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது அம்மாவோடோ சித்தியோடோ ஒரு பொழுது உட்காருங்கள். பி.எஃப். கணக்கில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா, கிராஜுவிட்டிக்கு நாமினி எழுதியிருக்கிறதா, பென்ஷனுக்குத் தேவையான பத்து வருட சர்வீஸ் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். லயத்துக்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்துகிற பேச்சு வந்தால் மட்டும் சம்மதிக்காதீர்கள்.