தும்பைக்கு ஒரு தொட்டி

வேட்டியின் வெளுப்பைப் புகழ வேண்டுமானால், “தும்பைப் பூப் போல” என்கிறோம். அந்தப் பூவை உங்கள் வீட்டுக் குழந்தைக்குக் காட்டியிருக்கிறீர்களா, நேயர்களே? பட்டணத்தில் உவமைதான் மிஞ்சியிருக்கிறது; பூவைக் காணோம்.

இத்தனைக்கும் தும்பைக்குள்ள கௌரவம் சாமானியமானதல்ல. சங்க காலத்தில் வீரர்கள் நேருக்கு நேர் நின்று பொருத போர்க்குத் தும்பை சூடினார்கள். சிவபூஜைக்கு உகந்த மலர் அது. கேரளத்தில் ஓணப் பூக்கோலத்திலும் அதற்கு இடம் உண்டு. துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. (காசித்தும்பை வேறு, அதற்கும் இதற்கும் பெயரில்தான் உறவு!)

வீட்டில் வளர்ப்பது கஷ்டமா? இல்லவே இல்லை. நர்சரியைத் தேட வேண்டாம். வயல் வரப்பிலோ வெற்று மனையிலோ காய்ந்து நிற்கும் தும்பையைப் பாருங்கள். கணுவுக்குக் கணு பந்து போல ஒரு கொத்து இருக்கும். நன்றாகப் பழுப்பேறிய கொத்தைக் காகிதத்தின் மேல் உதறினால் பொடி விதைகள் உதிரும். ஒரு பூவுக்கு நான்கு விதை வரை கிடைக்கும்.

அடியில் துவாரமுள்ள தொட்டியில் மணல் கலந்த மண்ணை நிரப்பி, விதையை மேலாகத் தூவுங்கள். ஆழப் புதைக்க வேண்டாம். மண் ஈரமாக இருக்கும்படி தண்ணீரைத் தெளித்தால் போதும். ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டி நல்ல வெயிலில் இருக்கட்டும். நெருக்கமாக முளைத்தவற்றில் சிலவற்றைக் களைந்து விடுங்கள். உரத்தை வாரிப் போட வேண்டாம். ஏழை மண்ணில் பிழைக்கத் தெரிந்த செடி இது.

பூத்தவுடன் தேனீயும் வண்ணத்துப் பூச்சியும் அழைப்பில்லாமலே வந்து சேரும்.

இனிமேல்தான் கவனம் தேவை. தும்பை ஒரு பருவத்துச் செடி. பூத்து, காய்த்து, காய்ந்து விடும். “செத்துப் போயிற்று” என்று உடனே பிடுங்கிக் குப்பையில் எறிந்து விடாதீர்கள்! அடுத்த வருஷத்துத் தும்பை முழுவதும் அந்தக் காய்ந்த கொத்துக்குள்தான் இருக்கிறது. வெற்று மனைகளில் தும்பை அற்றுப் போவதற்கும் இதுவே ஒரு காரணம்: விதை விழுவதற்கு முன்பே ‘சுத்தம்’ செய்து விடுகிறோம், விழுந்த இடத்திலும் சிமெண்டைப் பூசி விடுகிறோம்.

ஆகவே, பாதி விதையைத் தொட்டியிலேயே உதிர விடுங்கள். மீதியை ஒரு காகிதப் பொட்டலத்தில் கட்டி, ஈரம் படாமல் வையுங்கள். மழைக்காலம் வந்ததும் அதைத் தூவும் வேலையைக் குழந்தையிடம் ஒப்படையுங்கள். பூ பூத்த அன்று வெளுத்த வேட்டியை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்க்கலாம். எது வெளுப்பு என்று குழந்தையே தீர்ப்புச் சொல்லட்டுமே!